காற்று மாறினாலும் கழலாத கொட்டாப்புளி

நான் செய்த முதல் கொட்டாப்புளியின், அதாவது உளியை அடிக்கும் மரச் சுத்தியலின் தலை, ஓகஸ்ட் மாதத்து முற்பகல் ஒன்றில் பிடியைவிட்டுக் கழன்று பறந்தது. அப்போது இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிள்ளைக் காம்பராவில், தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் உட்காரும் குட்டி வாங்கு ஒன்றின் கால் ஆடியது. அதை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, உளியைப் பிடித்து அடித்தேன். மூன்றாவது அடியில் கையில் வெறும் பிடிதான் இருந்தது. தலை ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் விழுந்தது. பிள்ளைகளைச் சற்று முன்புதான் சாப்பிடுவதற்காக விறாந்தைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். வெறும் தொட்டிலுக்கு அருகே கிடந்த அந்தக் கட்டையைக் குனிந்து எடுத்தபோது என் கை நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை.

கட்டையின் கண்ணுக்குள், அதாவது பிடி செருகும் துளைக்குள், விரலை விட்டுப் பார்த்தேன். நவம்பர் மழையில் நான் இறுக்கி அடித்த ஆப்பு, விரல் பட்டதும் அசைந்தது. பசை தூளாக உதிர்ந்தது. அன்று மாலை அப்பாவிடம் காட்டினேன். முப்பது ஆண்டுகள் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) தச்சு வேலை செய்தவர் அவர். கட்டையை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "பிக்காசுக்கு யாராவது ஆப்பு அடிக்கிறார்களா, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

மண் கொத்தும் பிக்காசைப் பிடித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அதன் பிடியைக் கீழிருந்து செருகுவதில்லை. மேலிருந்து கண்ணுக்குள் இறக்குவார்கள். பிடியின் மேல்முனை அகலம், கீழே வரவர ஒடுக்கம். ஓங்கும்போது தலை வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கும். ஓட ஓட அகலமான முனையில் போய் இறுகும். கழன்று போக வழியே இல்லை. கொட்டாப்புளியையும் இதே முறையில் செய்யலாம். மலைநாட்டில் வேறு முறையில் செய்யக் கூடாது என்றே சொல்வேன்.

காரணம் எங்கள் காற்று. அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே ஒரு மலைமுகட்டில் இருக்கிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழையும் பனிமூட்டமும். சுவரில் சாய்த்து வைத்த பலகைகூடக் கனத்துப் போகும். தென்மேற்குப் பருவக்காற்றோ மலையின் மறுபக்கத்தில் தன் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் வெறும் உலர்ந்த காற்றாக இறங்குகிறது. எங்கள் ஊவா மாகாணத் தேயிலைக்கு மணம் ஏறுவது அந்த மாதங்களில்தான். கொழுந்துக்கு மணம் கொடுக்கிற அதே காற்று, மரத்தில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தவர்களுக்கு மாதங்கள் மாறும். அங்கே நடு ஆண்டு முழுவதும் நனைந்து, ஜனவரியிலிருந்து மார்ச் வரை காயும். எந்தப் பக்கமானாலும் மரம் ஆண்டுக்கு ஒரு முறை பருத்து ஒரு முறை மெலிகிறது. மழைக்காலத்தில் பருத்த பிடிக்கு அளவாக அடித்த ஆப்பு, காய்ந்த காற்றில் தளராமல் என்ன செய்யும்?

சரி, மரத்துக்கு வருவோம். இதற்காகப் பலகை வாங்கவே வேண்டாம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் கூரைகளை மாற்றும்போது கழித்துப் போடும் கைமரங்கள் விறகுக்குப் போகின்றன. அவற்றில் பல யூகலிப்டஸ். எங்கள் பக்கத்தில் டர்பன்டைன் மரம் என்பார்கள். பல ஆண்டுகள் கூரைக்குக் கீழே காய்ந்து, வைரம் பாய்ந்து கிடப்பவை. கொட்டாப்புளித் தலைக்கு அதைவிட நல்ல மரம் எனக்குக் கிடைத்ததில்லை. நான் எடுத்தது 5 அங்குலத்துக்கு 2 அங்குலக் கைமரம் ஒன்றின் இரண்டு துண்டுகள். சவுக்கு மரத்திலும் செய்யலாம். தேயிலைக்கு நிழலுக்காக நடும் சில்வர் ஓக்கைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். சீவினால் மீன்செதில்போல மினுங்கும் அழகான மரம். ஆனால் எடை குறைவு, மெல்லிய உளிகளுக்குத்தான் சரி. சவுக்குத் தூள் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பைக் கொடுக்கும். எனக்கு முழங்கை வரை தடித்துவிட்டது. நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு சீவுங்கள். அல்பீசியா, பைன் இரண்டும் வேண்டாம். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் மரம், உளியின் தலையை எத்தனை நாள் தாங்கும்? பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டையைப் பலர் ஆசையோடு எடுத்துப் போவார்கள். இரும்புபோல இருக்கும், உண்மைதான். ஆனால் நேரான துண்டு கிடைப்பது அரிது, காயும்போது வெடிக்கும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பழைய மின்கம்பத் துண்டுகளில் பச்சை நிறம் ஊறியிருந்தால் அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க ஏற்றிய மருந்து அது, ஆர்செனிக் உள்ளது. அறுத்தால் தூள் நெஞ்சுக்குள் போகும், எரித்தால் புகை போகும். சாமான் இறக்கும் மரத் தட்டுகளைப் பிரித்து எடுப்பதானால் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' (HT) என்றிருந்தால் சூடேற்றியது, பயமில்லை. 'எம்.பி.' (MB) என்றிருந்தால் மெதில் புரோமைட் புகையூட்டியது, விட்டுவிடுங்கள்.

பிடிக்கு நான் எடுத்தது உடைந்த மண்வெட்டிப் பிடி. எந்த லயத்துக்குப் பின்னாலும் ஒன்றாவது கிடக்கும். ஆண்டுக்கணக்கில் வியர்வையும் வெயிலும் பட்டுப் பதப்பட்ட மரம் அது. முறிந்த முனையிலிருந்து கீறல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று நனைத்துப் பாருங்கள். ஈரம் கறுப்புக் கோடாகக் கீறலைக் காட்டிக் கொடுக்கும். அதற்கு அப்பால் கீறலில்லாத 14 அங்குலம் கிடைத்தால் போதும். அது கிடைக்காதவர்கள் கொய்யாவையோ காப்பியையோ பார்க்கலாம். 1869இல் இலங்கைக்கு வந்த இலைத்துரு நோய் இந்த மலைகளின் காப்பித் தோட்டங்களை அழித்த பிறகும், வீட்டுத் தோட்டங்களில் காப்பிச் செடி இன்னும் நிற்கிறது. அதன் அடிமரம் மணியான மரம், நார் நெருக்கமானது. 3 அங்குலத்துக்கு மேல் பருத்த தண்டாகப் பார்த்து, அறுக்காமல் கத்தியை வைத்துத் தட்டிப் பிளந்து எடுங்கள். பிளந்த மரத்தில் நார் முனைக்கு முனை அறுபடாமல் ஓடும். நடுக் குருத்து பிடிக்குள் வரக் கூடாது. வந்தால் அந்த வழியில் வெடிக்கும்.

பச்சை மரம் என்றால் காய வேண்டும். அதற்கு அடுப்புக்கு மேலே உள்ள பரணைவிட நல்ல இடம் இல்லை. எங்கள் வீட்டில் விறகு காயும் அதே பரணில்தான் அப்பாவின் பிடிக் கம்புகளும் படுத்திருக்கும். கிழமைக்கு ஒரு முறை எடுத்துக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மூன்று கிழமை தொடர்ந்து எடை இறங்காமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தட்டிப் பார்த்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், நான் தராசைத்தான் நம்புகிறேன்.

அளவு சொல்கிறேன். தலையின் உயரம் 4 அங்குலம், நீளம் மேலே 6½, கீழே 6, கனம் (தடிப்பு) 2¾. பிடியின் மொத்த நீளம் 13. யூகலிப்டஸில் செய்த என் தலை 900 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கை சிறியவர்கள் நீளத்தில் ஒரு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம், உயரத்தைக் குறைக்க வேண்டாம். கண்ணுக்குள் பிடி எவ்வளவு நீளம் உட்கார்ந்திருக்கிறதோ அவ்வளவு உறுதி.

முழுக் கட்டையில் கண் தோண்டுவது பழைய முறை. அதற்கு நல்ல கொட்டாப்புளி ஒன்று முன்பே வேண்டும்! ஆகவே தலையை மூன்று அடுக்காக ஒட்டிவிடுகிறேன். நடு அடுக்கில் இரண்டு கட்டைகள், அவற்றுக்கிடையே விட்ட இடைவெளிதான் கண். இரு பக்கமும் ஒவ்வொரு கன்னப் பலகை. தோண்டும் வேலையே இல்லை, கைவாளும் சீவுளியும் போதும்.

முதலில் ஆணிகளைப் பிடுங்குங்கள். தலை முறிந்து உள்ளே நிற்கும் ஆணியைக் கண்டுபிடிக்க, பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் மெல்ல இழுப்பேன். நூல் ஓரிடத்தில் சாய்ந்து நின்றால் அங்கே இரும்பு இருக்கிறது. கைமரத்தின் வெளுத்த விளிம்புகளை அறுத்துத் தள்ளிவிட்டு 4 அங்குல அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு துண்டை 7 அங்குல நீளத்தில் வெட்டி, கனத்தின் நடுவே பிளந்து அறுத்தால் இரண்டு கன்னங்கள். சீவியபின் ஒவ்வொன்றும் ⅞ அங்குலம் நிற்கும். மற்றத் துண்டை 1 அங்குலக் கனத்துக்குக் குறையுங்கள், அது நடு அடுக்கு. மூன்றிலும் நார் தலையின் நீளவாக்கில், அடிபடும் முகத்திலிருந்து மறுமுகத்துக்கு ஓட வேண்டும். அடி நார் முனையில் விழுந்தால்தான் மரம் தாங்கும். குறுக்கே வைத்தால் முதல் கிழமையிலேயே செதில் செதிலாகப் பெயரும்.

இனிமேல் செய்வதுதான் முழு வேலையின் உயிர். நடு அடுக்கின் பலகையை நடுவில் இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் உள்முனையிலும் மூலைமட்டத்தை வைத்து நேர்க்கோடு ஒன்று போடுங்கள். மேல் விளிம்பில் அந்தக் கோட்டிலிருந்து ⅛ அங்குலம் உள்ளே தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியையும் கோட்டின் கீழ்முனையையும் சேர்த்தால் கிடைப்பதுதான் சரிவு. இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக வர வேண்டும். சரிவில் அறுங்கள். வாளை அவசரப்படுத்தாதீர்கள். கோட்டுக்கு ஒரு நூல் வெளியே, கழிக்கும் பக்கமாகவே அறுத்துவிட்டு, மீதியைச் சீவுளியால் எடுங்கள். முனை நார் என்பதால் சீவுளி கூராக இல்லாவிட்டால் பிய்க்கும். சீவிய முனையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மூலைமட்டத்தை அதன் கனவாக்கில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் ஒரு ஓரத்தில் மட்டும் கசிந்தால் கண் முறுக்கிக்கொண்டு போகும். தலை பிடியில் கோணலாக நிற்கும். நான் இந்த இரண்டு முனைகளுக்கு மட்டும் ஒரு பிற்பகலைக் கொடுத்தேன்.

பிடியும் அதே சரிவில் வர வேண்டும். மேல்முனையில் அகலம் 1½ அங்குலம். அங்கிருந்து 4 அங்குலம் கீழே 1¼. அதற்குக் கீழே முழுவதும் 1¼தான், எங்கேயும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேலிருந்து இறங்காது. மண்வெட்டிப் பிடி 1½ அங்குல உருண்டை என்றால் இரண்டு பக்கம் சீவி 1 அங்குலக் கனத்துக்குக் கொண்டுவந்தால் கண்ணுக்குப் பொருந்தும். கனம் நடு அடுக்கைவிட இரண்டு சீவல் குறைவாக இருக்கட்டும். மேல்முனையில் ¾ அங்குலம் கூடுதலாக, அதே சரிவில் விட்டு வையுங்கள். அதற்குக் காரணம் பின்னால் வரும்.

ஒட்டும்போது பிடியையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பிடியின் மேல்பகுதியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மெல்லிய பொலித்தீன் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு கன்னத்தில் பசை தடவி, பிடியை நடுவில் வைத்து, இரண்டு நடுக்கட்டைகளையும் அதன் இருபுறமும் நெருக்கித் தள்ளுங்கள். பிறகு மற்றக் கன்னம். கிளாம்ப் நான்கு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தும்புக் கயிற்றை இறுகச் சுற்றிக் கட்டி, கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையே ஆப்புகளைச் செருகித் தட்டுங்கள். பசை ஓரமெல்லாம் மணி மணியாகக் கசிய வேண்டும். அரை மணித்தியாலம் கழித்துப் பிடியை மேல்பக்கமாகத் தட்டி எடுத்துவிட்டு, கண்ணுக்குள் வழிந்த பசையை ஈரத் துணி சுற்றிய குச்சியால் துடையுங்கள்.

பசை விடயத்தில் மலைநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது குளிர். வெள்ளை மரப் பசைகளில் பெரும்பாலானவற்றுக்கு 10 பாகை செல்சியஸாவது வேண்டும். நுவரெலியாவில் ஜனவரி இரவில் புல்லின்மேல் உறைபனி படியும். அப்புத்தளையிலும் பின்னிரவில் குளிர் எலும்பைத் தொடும். குளிரில் ஒட்டிய பசை கண்ணாடிபோல உலராமல் கோதுமை மாவைப்போல வெள்ளைத் தூளாக உலர்கிறது. என் முதல் கொட்டாப்புளியில் உதிர்ந்தது அதுதான். காலை பத்து மணிக்கு வெயில் ஏறியபின் ஒட்டுங்கள். இரவில் கட்டோடு தூக்கி அடுப்படியில் வையுங்கள், தணலுக்கு மிக நெருக்கமாக அல்ல. ஒரு நாள் முழுவதும் அவிழ்க்காதீர்கள்.

அவிழ்த்தபின் அடிக்கும் முகங்கள். அவற்றைப் பிடிக்கு இணையாக வெட்டினால், உளியின் தலையில் முகத்தின் கீழ் விளிம்புதான் முதலில் படும். கை முழங்கையிலிருந்து வட்டமாக வருவதால் முகமும் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முகமும் மேலிருந்து கீழே வரும்போது ¼ அங்குலம் உள்ளே வரட்டும். மேலே 6½, கீழே 6 என்று முன்பு சொன்னது இதைத்தான். அறுத்து, சீவி, எல்லா விளிம்புகளையும் நகத்தின் அகலத்துக்கு மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பை விட்டால் அங்கிருந்துதான் மரம் பிளக்கத் தொடங்கும். கண்ணின் மேல் வாயையும் கீழ் வாயையும்கூட அரத்தால் லேசாக மழுக்குங்கள். பிடியை உள்ளங்கைக்கு இதமாக எட்டுப் பட்டை போட்டுச் சீவலாம். உருண்டையாக்க வேண்டாம், பட்டை இருந்தால் கண்ணால் பார்க்காமலே முகம் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும்.

எண்ணெய் தடவுவதானால் ஆளிவிதை எண்ணெய். தேங்காயெண்ணெய் உலராது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். அடிக்கும் முகங்களில் எண்ணெய் படவே கூடாது, வழுக்கும்.

பிடியை மேலிருந்து கண்ணுக்குள் இறக்கி, கையால் இழுத்து இறுக்குங்கள். பசையும் இல்லை, ஆப்பும் இல்லை. ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். சுத்தியலின் தலை தளர்ந்தால் பிடியின் அடியைக் கல்லில் குத்தி இறுக்குவோம். இந்தக் கொட்டாப்புளியை அப்படிக் குத்தினால் தலை கீழே இறங்கிக் கழன்று வரும். இதைத் தலைகீழாகப் பிடித்து, மேலே நீட்டி நிற்கும் பிடியின் முனையைக் கல்லில் குத்த வேண்டும். கழற்ற நினைத்தால் மட்டும் அடியைக் குத்துங்கள்.

மரம் நீளவாக்கில் சுருங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவுதான், அகலவாக்கில்தான் சுருங்கும். தலையில் நார் நீளவாக்கில் ஓடுவதால் இரண்டு நடுக்கட்டைகளுக்கும் இடையே உள்ள இடைவெளி எந்தக் காற்றிலும் மாறாது. பிடி மட்டும் மெலியும். மெலிந்தால் தலை இன்னும் சற்று மேலே ஏறி மீண்டும் இறுகும். நாம் வைத்த சரிவில் பிடியின் அகலம் நூற்றில் ஒரு பங்கு மெலிந்தால் தலை ஏறக்குறைய ¼ அங்குலம் ஏறும். மேலே ¾ அங்குலம் விடச் சொன்னது அதற்காகத்தான். தளர்ந்ததா என்பதைக் காது முதலில் சொல்லும். திண்ணென்று விழும் அடி, ஒரு நாள் இரண்டு ஓசையாகக் கேட்கும்.

என் கொட்டாப்புளியில் ஒவ்வொரு ஓகஸ்டிலும், தலை ஏறி நிற்கும் இடத்தில் பிடியின்மேல் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன். முதல் ஆண்டுக் கோடு, தலை முதலில் நின்ற இடத்திலிருந்து ¼ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில். இரண்டாவது அதிலிருந்து ⅛ மேலே. அதற்குப் பிறகு வந்த நான்கு கோடுகளும் ஒன்றையொன்று தொடும் நெருக்கத்தில் கிடக்கின்றன. தலைக்கு மேலே பிடி இன்னும் ஒரு விரற்கடைக்குக் குறைவாகத்தான் நீட்டி நிற்கிறது. அடுத்த பிடிக்கான காப்பிக் கம்பு அடுப்புக்கு மேலே பரணில் கிடக்கிறது. போன கிழமை நிறுத்தபோது இன்னும் எடை இறங்கிக்கொண்டுதான் இருந்தது.